வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்

எனக்குச் சரியாக எழுத வராது, ஞாபகமும் தப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வல்லம் வடகாலில் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். சபையில் எழுப்புதல், அதாவது விசுவாசத்தில் புது உயிர், வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் சில பெண்கள் உபவாசமிருந்து ஜெபித்தோம். மாதங்கள் போயும் ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னாக்கா, கர்த்தருக்கு நம்ம சத்தம் கேக்கலயா? வுட்டுறலாமா?" என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை, எங்களோடு ஜெபிக்கும் பக்கத்து வீட்டுக்காரி.

"இன்னும் கொஞ்சம் காத்துக்கினு இருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

குடும்ப நிலத்தைக் கம்பெனிக்கு விற்றபோது வந்த சண்டையில் அவள் தன் அண்ணனோடு பேசுவதில்லை. அன்று ஜெபத்தின் நடுவில் எழுந்துவிட்டாள். "எங்கண்ணன் மூஞ்சியப் பாக்காம எழுப்புதல் கேட்டுக்கினு கீறேன்க்கா" என்று அழுதபடி அவர் வீட்டுக்குப் போனாள். பொழுது சாய, இருவரும் ஒன்றாக வந்து முழங்காற்படியிட்டார்கள். எழுப்புதல் அங்கேதான் தொடங்கியது என்று நம்புகிறேன்.

அது எந்த வருஷம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.