லாரிக்கு வைத்த ஆட்டுக்காவி

எங்கள் ஊர் முனியக்கா தொப்பூர் கணவாயில் செம்மறி மேய்த்தவள். உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்புப் புகையில் ஓடிய லாரி ஒன்று வளைவில் கண்மண் தெரியாமல் வந்து அவளுடைய கிடாயை அடித்துவிட்டுப் போனது. மிச்ச ஆடுகளும் தினம் அந்த வளைவைத்தானே கடக்க வேண்டும்? ஸ்டேஷனுக்குப் போனாள்.

"நம்பர் என்னம்மா?" என்றார் ஏட்டு.

"எழுத்து தெரியாதுங்க. ஆட்டுக்கு அடையாளம் வெக்கிற மாதிரி காவி வெச்சி வுடறேன். பார்த்துப் புடிச்சிக்குங்க."

மறுநாள் அதே லாரி மேடேற முடியாமல் நின்றது. டிரைவர் பின்னால் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்க, இவள் முன்னால் போய்க் காவியை அப்பினாள்.

டிரைவர் வந்து பார்த்தான். கணவாய் முனியப்பன் சாமியின் காப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அது ஆட்டுக்காவிடா, உன்னைப் புடிச்சிக் குடுக்க வெச்சது."

அவன் நம்பவில்லை. சேதி பரவி, வருகிற லாரியெல்லாம் அந்த வளைவில் அவளிடம் காவி கேட்டு நின்றது. எல்லாரும் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர்கள்தானே என்று எல்லாவற்றுக்கும் வைத்தாள்.

ஏட்டு வந்து திகைத்தார். "இதுல எதைம்மா புடிக்கிறது?"

"எல்லாத்தையும் புடிங்க."

வரிசையாக நின்ற லாரிகளுக்கு முன்னால் அவளுடைய ஆடுகள் பதறாமல் சாலையைக் கடந்தன. அவள் கொடுத்த புகார் வீண் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.