சிவப்புக் காருக்குள் இருந்த நீலம்

நடராஜா முறைத்துப் பார்த்தால் பல்லேகம வாய்க்காலில் வளைந்து வரும் தண்ணீர் நிமிர்ந்து ஓடும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் அவருடன் வேலை பார்த்தவர்கள் இதற்குச் சத்தியம் செய்வார்கள். ஒருமுறை பயத்தில் மேட்டிலும் ஏறியதாம். அதை மட்டும் பாதிதான் நம்பவேண்டும். அப்படிப்பட்டவருக்குப் பெற்ற மகன் சாரங்கன் மட்டும் கோணலாகவே தெரிந்தான்.

மகன் ஆசைப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மிளகாய்ச் சிவப்பு. வாங்குமுன் நன்றாகத்தான் சோதித்தார்: இலக்கத் தகட்டின் எண்களைக் கூட்டினார், ஆறு வந்தது. எட்டு இல்லை. வேறென்ன பார்க்க இருக்கிறது? தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கி ஓட்டிவந்தார்கள். இரண்டு மாதத்தில் கார் ஒருபக்கம் இழுக்கத் தொடங்கியது.

"எங்கேயோ கொண்டுபோய் அடிச்சுப்போட்டு மறைக்கிறாய்."

"நான் அடிக்கேல்லை அப்பா."

"பொய் சொல்லாதை!"

அதன்பின் ஒரே வீட்டில் ஐந்து மாதம் இருவரும் பேசவில்லை. சொதிச் சட்டியைக்கூட மனைவி சரோஜினிதேவி வழியாகத்தான் கேட்டு வாங்கினார்கள். பிறகு சாரங்கன் வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போனான், அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு.

போகுமுன் காருக்கென்று அவன் சொல்லிவைத்த பைபர் பம்பர் போன மாதம் வந்து இறங்கியது. அதைப் பொருத்திப் படம் அனுப்பினால், அந்தச் சாக்கில் பேச்சைத் தொடங்கலாம் என்று நடராஜா எண்ணினார். மகனை மன்னிக்கவும் தயாராக இருந்தார்.

அலுவிகாரையில் கராஜ் வைத்திருக்கும் பிரதீஷ், பழைய பம்பரைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தூக்கிப் பிடித்தான். இடப்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலப்பக்கம் எதிலோ முட்டி இரண்டு விரல் தள்ளி நின்றது.

"பைபருன்னா அப்படித்தாங்க ஐயா, ஒரே தடவையில உட்காராது," என்றபடி உள்ளே டோர்ச் அடித்தவன் பேச்சை நிறுத்தினான். "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பம்பர் நேராத்தான் இருக்கு. கார்தான் கோணல்."

இரும்புச் சட்டம் எப்போதோ மடங்கி, நிமிர்த்தி, வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தழும்பின்மேல் நீலப் பெயின்ட். நீலத்தின்மேல் சிவப்பு.

"இது நீலக் காரா இருந்தப்பவே அடிபட்டிருக்குங்க. இப்ப அந்த ஒட்டு விட்டுருச்சு. நீங்க வாங்கும்போது என்ன கலரு?"

"சிவப்பு," என்றார் நடராஜா.

"உள்ளுக்குப் பார்க்கலீங்களா?"

"எண் பார்த்தனான்."

பிரதீஷுக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான். "ஒட்டைத் திரும்ப வச்சிரலாம். ஆனா பம்பர்ல முட்டுற இடத்தை வெட்டணும். வெட்டவா?"

"வெட்டும்."

உள்ளங்கையளவு துண்டு விழுந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நீலத் தழும்பைப் படம் பிடித்து, 'பம்பர் முட்டுது. கார் முந்தியே அடிபட்டது' என்று மட்டும் எழுதி மகனுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"இஞ்சேரும், பெடியன் பொய் சொல்லேல்லை."

சரோஜினிதேவி கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு அண்டைக்கே தெரியும்."

மூன்றாம் நாள்தான் பதில் வந்தது. 'பம்பரை வெட்டவேண்டாம். அதைத் தாங்கும் பிராக்கெட்டை நகர்த்தினால் காணும்.' அப்பா என்ற சொல் அதில் இல்லை.

இந்தமுறையும் மகனைக் கேட்காமலே அவர் தீர்ப்பு எழுதியாயிற்று. நடராஜா 'வெட்டேல்லை' என்று எழுதி அனுப்பினார். வாழ்நாளில் அவர் எழுதிய முதல் பொய். பக்கத்தில் இரண்டு சரிக்குறிகள் நீலமாகின. வேறொன்றும் வரவில்லை.

மறுநாள் கராஜ் திறக்குமுன்பே வாசலில் நின்றார், கையில் அந்தத் துண்டோடு.

"தம்பி, இதைத் திரும்ப ஒட்ட ஏலுமோ?"

பிரதீஷ் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒட்டலாங்க ஐயா. தழும்பு இருக்கும். மேல சிவப்பு அடிச்சா யாருக்கும் தெரியாது."

பைபர் தூள் ஏறிய உள்ளங்கை நான்கு நாளாகக் கழுவக் கழுவ அரித்தது. நடராஜா அதைச் சொறிந்தபடியே நின்றார்.