திருப்பி அழைத்துப்போக வந்த அண்ணன்

டெய்லரக்காவின் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த வாரமே அவள் அண்ணன் வண்டியோடு வாசலில் வந்து நின்றார். ரத்தம் எடுத்த இடத்தில் வேலை பார்த்தவன் அண்ணனுக்குப் பழக்கம். அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

டெய்லரக்காவுக்குத் தொற்று இல்லை. அண்ணனுக்கு அது போதும்.

"துணிமணிய எடுத்து வை. மெஷினையும் ஏத்திடலாம். மாப்பிள்ளையே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு."

அவள் கணவரைப் பார்த்தாள். பெயிண்டர் அவர், விரல் இடுக்கில் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கும் வந்துட்டா என்னால தாங்க முடியாது" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆளாளுக்கு முடிவு பண்ணிட்டீங்க. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் என்ன தைக்கக் குடுத்த துணியா, சரியில்லன்னா திருப்பி வாங்கிட்டுப் போக?"

அண்ணன் வெறும் வண்டியோடு திரும்பினார்.

மறுநாள் கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டிவிட்டு நேராக உள்ளே நுழைந்தாள்.

"இவரு ரத்தத்த எடுத்தது வைத்தியம் பாக்கவா, தண்டோரா போடவா?"

டாக்டர் நடந்ததைக் கேட்டார். முகம் சிறுத்துப்போனது. அந்த ஆளை அங்கிருந்து மாற்றினார்கள். மன்னிப்பு கேட்க அவன் கடைசிவரை வரவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்றும் ஆறவில்லை.

டாக்டர் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்துப் பேசினார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடும். அது அப்படியே இருக்கும்வரை உடலுறவில் மனைவிக்குத் தொற்றாது. கிருமி அடங்கும்வரை ஆணுறை, வேண்டுமானால் அவளுக்கும் தொற்று வராமல் தடுக்க மாத்திரை உண்டு.

"குழந்தை பெத்துக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"கிருமி அடங்கட்டும், தாராளமா பெத்துக்கலாம்."

பெயிண்டர் அங்கேயே அழுதுவிட்டார். "இதையெல்லாம் மொதல்லயே சொல்லியிருந்தா என்ன?" என்று அவள் டாக்டரிடமும் எரிந்து விழுந்தாள்.

கிருமி அடங்கிய பிறகு பெண் பிறந்தாள். தாய்க்கும் தொற்றில்லை, பிள்ளைக்கும் இல்லை. பார்க்க வந்த அண்ணன், கொடுத்த தண்ணீரைத் தொடாமல் கீழே வைத்தார்.

"தாகம் இல்லன்னா பரவாயில்லண்ணே. பயம்னா, பிள்ளையத் தூக்காத."

அண்ணன் டம்ளரை எடுத்துக் குடித்தார். அவள் பிள்ளையைக் கொடுத்தாள்.

இப்போது மாத்திரை கொடுக்கும் நாளில் டெய்லரக்கா கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறாள். புதிதாக வரும் தம்பதிகளில் ஒருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டால், "ரெண்டு பேரும் வந்திருக்காங்க, இன்னொரு நாற்காலி போடுங்க" என்று அவள் குரல் வராந்தாவிலிருந்து கேட்கும்.