ஊறுகாய் பாட்டிலில் ஓர் ஆறு

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று தூசி, மற்றொன்று தண்ணீர். தூசியைத் தூரிகையால் விரட்டிவிடலாம். தண்ணீரை ஒருமுறை நானே கூட்டிக்கொண்டு போய் ஒரு கம்ப்யூட்டருக்குள் குடிவைத்தேன். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் அணைத்துவிட்டு, நெல்லை வெயிலில் வேலை பார்த்துப் பழக்கப்பட்டவர்கள் இதைப் படித்தால் என்மேல் கொஞ்சம் இரக்கப்படுவார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

மாடியில் ஓடிய மில்

பாளையங்கோட்டையில் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி கிரேஸ் டீச்சர் வீடு. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துபவர். பார்வையில்லாத பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றுக்காக, பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைத் தன் குரலில் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். மாடி அறை, ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர். எதிரொலி வராமலிருக்க ஜன்னலில் போர்வை தொங்கும். தரையில் அவருடைய கல்யாணத்துக்கு நெய்து வாங்கிய பத்தமடைப் பாய் கிடக்கும். அதன் ஒரு ஓரத்தில் ‘கிரேஸ்’ என்றும் மறு ஓரத்தில் ‘தங்கதுரை’ என்றும் பெயர் ஓடும். சனி, ஞாயிறு மதியங்களில், தெருவே உண்ட மயக்கத்தில் கிடக்கும்போதுதான் பதிவு.

எல்லாம் அமைதி, கம்ப்யூட்டரைத் தவிர. அரை மணி நேரம் ஓடினால் சூடேறி, உள்ளே இருக்கும் விசிறிகள் ஊளையிட ஆரம்பிக்கும். துடைத்தேன், எண்ணெய் விட்டேன், விசிறியையே மாற்றினேன். ஊளை குறைந்த பாடில்லை. முதல் பாடத்தைக் கேட்டுவிட்டு விடுதியிலிருந்து பேச்சி என்ற மாணவி போனில் டீச்சரிடம் கேட்டாளாம்: “டீச்சர், ஒங்க மாடியில மாவு மில்லு ஓடுதா?”

செத்த தண்ணி

டீச்சரின் கணவர் தங்கதுரை அண்ணாச்சி பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பைக் கண்டால் கடைந்து பார்க்காமல் விடமாட்டார். மனைவியின் குரலுக்கு இடைஞ்சல் என்றதும் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. “விசிறியத் தூக்கிக் கடாசும் வே, தண்ணி விட்டுக் குளுப்பாட்டுவோம்” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் ஆசைதான். செம்புக் கட்டி ஒன்றை உள்ளே தண்ணீர் ஓடும்படி அவர் கடைந்து தந்தார். அதைக் கம்ப்யூட்டரின் சூடான மூளைமேல் உட்கார்த்தினேன். நீரின் சூட்டை ஆற்ற, பழைய பைக்கிலிருந்து கழற்றிய அலுமினிய ரேடியேட்டர் ஒன்று, கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேல் ஏறியது. தண்ணீரைச் சுற்றவைக்க மீன்தொட்டி மோட்டார், தேக்கிவைக்க ஊறுகாய் பாட்டில், இவற்றைக் கோக்க உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது? பெட்ரோல் பங்கில் விற்கும், உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீர்தான் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அண்ணாச்சி கேனைத் தூக்கியதும் நானும் அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைக்குப் போனேன். ஆற்றின்மேல் காலைப் பனி இன்னும் கலையவில்லை. படியில் குனிந்து கேனை அமிழ்த்தியபோது, உலகத்திலேயே இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது என்று நானும் மனதார நம்பினேன். இந்த ஊர்க்காரனுக்கு இந்த ஒரு விஷயத்தில் படித்த படிப்பு உதவாது. திரும்பும் வழியில் மெல்ல வாய் திறந்தேன். அண்ணாச்சி வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்காமல் சொன்னார்: “பேட்டரித் தண்ணி செத்த தண்ணி வே. நம்ம ஆத்துத் தண்ணிக்கு உசிரு இருக்கு.”

பெயர்மேல் ஒரு சொட்டு

உயிர் இருந்தது உண்மைதான். இரண்டு மாதத்தில் குழாய்க்குள் இளம்பச்சையாகப் பாசி பிடித்தது. டீச்சருக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது. சூடு தணிந்து, ஊளை அடங்கி, முதல் பாடத்திலிருந்தே மறுபடி தொடங்கிப் பாடம் பாடமாகப் பதிவு ஓடியது. ஆனால் வாரா வாரம் பாட்டிலில் மட்டம் இறங்கியது. அண்ணாச்சியும் மறுபடி மறுபடி ஆற்று நீரை ஊற்றி நிரப்பினார். ஒருநாள் பாயைச் சுருட்டப் போன டீச்சர், ‘தங்கதுரை’ என்ற எழுத்துகளின்மேல் ஈரம் கோத்திருப்பதைப் பார்த்தார்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே குழாயின் வளைவு. அங்கேதான் ஓட்டை என்று முடிவுகட்டி அங்கிருந்த கவ்வியை முறுக்கினேன். அடுத்த வாரமும் ஈரம், அடுத்த வாரமும் முறுக்கல். நான் போய் நிற்கும்போது ஒரு சொட்டுக்கூட விழாது. ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறின பிறகுதான் விழும்போல. பதினோரு பாடங்களில் எட்டு முடிந்திருந்தன, தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. டீச்சர் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “கணேசண்ணே, மூணு வாட்டி முறுக்கிட்டிய. இவுக பேரு மட்டும் இன்னும் அழுதுக்கிட்டே இருக்கு.”

பவுடர் அணை

கசிவு எங்கே பிறக்கிறது என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. குழாயெங்கும் திருநீற்றைப் பூசிவிட்டால், நீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். பழக்கதோஷத்தில் டீச்சரிடமே “கொஞ்சம் திருநீறு குடுங்க டீச்சர்” என்று கேட்டுவிட்டேன். சுவரில் தொங்கிய வேதவசனக் காலண்டரை அவர் ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், சிரித்துக்கொண்டே போய் முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். ரேடியேட்டர் முதல் பாட்டில் வரைக்கும் தாராளமாகப் பூசினேன். அறையே இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல மணத்தது.

பிறகு சூடேற வேண்டுமே. டீச்சர் ஒன்பதாம் பாடத்தை வாசிக்கத் தொடங்க, நான் பாயில் உட்கார்ந்து பவுடரில் ஈரக் கோடு விழக் காத்திருந்தேன். கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்களைப் பற்றிய பாடம். போர்வையின் ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்தது. குழாயில் பச்சைத் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. டீச்சர் குரலில் பாய்மரங்கள் விரிந்தன, காற்று திசை மாறியது, எங்கோ ஒரு துறைமுகத்தில் மிளகு மூட்டைகள் இறங்கின. எனக்குக் கால் நனைகிற மாதிரி இருந்தது. அந்தக் கப்பலில் நானும் ஏறிக்கொண்டேன்.

குரல் சட்டென்று நின்றதும்தான் விழித்தேன். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அண்ணாச்சி கீழிருந்து ஓடிவந்தார். இருவரும் பார்த்தோம். ரேடியேட்டரின் மூலையிலிருந்து ஒரு கோடு பவுடரில் இறங்கியிருந்தது. அங்கே பிறந்த நீர்தான் இத்தனை நாளும் குழாயின் முதுகில் ஊர்ந்து, வளைவில் சொட்டியிருக்கிறது. இன்று நான் அப்பிய பவுடர் குழைந்து வழியில் மேடுகட்டியதால், நீர் பக்கவாட்டில் திரும்பி நேராகப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. அண்ணாச்சி அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்: “தாமிரபரணியிலயே அணை கட்டிட்டீரே வே.”

எட்டுப் பாடம்

முடித்த எட்டுப் பாடங்களும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. வேறு நகல் இல்லை. அடுத்த முறை வரும்போது நகல் எடுத்துத் தருகிறேன் என்று மூன்று முறை சொன்னவன் நான்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, கடைக்குக் கொண்டுவந்தேன். டீச்சரும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கம்ப்யூட்டரில் மாட்டி முதல் கோப்பைத் திறந்தேன். குரல் வந்தது. எட்டும் பத்திரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்ட டீச்சர் முகம் வாடியது. குரலுக்கு அடியில் களக், களக் என்று ஒரு சத்தம். மட்டம் இறங்கிய பாட்டிலிலிருந்து மோட்டார் நீரோடு காற்றையும் விழுங்கியிருக்கிறது. எட்டுப் பாடத்திலும் அது உண்டு. மாடியில் அதோடேயே பழகிப்போனதால் எங்கள் யார் காதிலும் ஏறவில்லை. திரும்ப வாசிக்க நாள் இல்லை. டீச்சர் காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்: “கண்ணு தெரியாத பிள்ளைக்குச் சத்தந்தான்ணே புத்தகம். அதுல அழுக்கப் பூசிக் குடுக்கப் போறேன்.”

உசிரு

தண்ணீர் இறங்கிப் பழுதான கம்ப்யூட்டர் போர்டை நான் மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றி, அண்ணாச்சி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மூலையில் குண்டூசி முனையளவு வெளிச்சம். ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் அலுமினியம், நடுவில் உப்பும் உயிரும் உள்ள ஆற்று நீர். மூன்றும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். இதையும் நான் படித்திருக்கிறேன். செம்பு ரேடியேட்டர் தேடிப் பிடித்தோம், பாசியைக் கழுவினோம், பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக மூடினோம். இந்தத் தடவை அண்ணாச்சி தானே போய்ப் பேட்டரித் தண்ணீர் வாங்கிவந்தார். பத்து நிமிடம் குனிந்து காது கொடுத்தார், ஒரு முணுமுணுப்பும் இல்லை. வேலை சுத்தம் என்று நான் நெஞ்சை நிமிர்த்தியபோது, அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு வே. ஆனா மூச்சு நின்ன மாதிரி இருக்கு.”

பேச்சியின் கேள்வி

மிச்ச மூன்று பாடங்களும் பளிங்குபோலப் பதிவாயின. பதினொன்றும் தேர்வுக்குப் பத்து நாள் முன்னதாகவே விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் எட்டுக்கும் சேர்த்து டீச்சர் ஒரு மன்னிப்பையும் பேசி அனுப்பியிருந்தார். வரலாற்றுத் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, பேச்சிதான். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஊளைக்கே மில் என்று சொன்னவள் இதற்கு என்ன சொல்வாளோ என்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

எல்லாக் கேள்விக்கும் எழுதிவிட்டாளாம். எழுத முடியாமல் முழித்தபோதெல்லாம் அந்தக் களக், களக் சத்தத்தை மனதில் ஓடவிட்டாளாம், கூடவே பாடமும் வந்ததாம். விடுதியில் எல்லோருக்கும் அப்படித்தானாம். பேச்சி கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: “மொத எட்டுப் பாடமும் ஆத்தங்கரையில உக்காந்து வாசிச்சிய. கடைசி மூணுக்கு மட்டும் ஏன் டீச்சர் எந்திச்சு வீட்டுக்கு வந்துட்டிய?”

அன்றிலிருந்து எந்தக் கசிவை அடைக்கப் போனாலும், ஒரு நிமிடம் அதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் திருப்புளியைக் கையில் எடுக்கிறேன்.