புருலாயின் மன அமைதி

பிஷ்கெக்கில் ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் புருலாய் பார்ப்பது படங்களுக்குப் பெயர் வைக்கிற வேலை. ஸ்கேன் எந்திரத்துக்குள் சும்மா படுத்திருப்பவரின் மூளையில் எந்தெந்த இடங்கள் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே அடங்குகின்றன என்று கணினி தனித்தனிப் படமாகப் பிரித்துத் தரும். அவற்றை உலகம் ஒப்புக்கொண்ட மாதிரிப் படங்களோடு பொருத்திப் பார்ப்பாள். இது பார்வைக்கானது, இது மனம் தன்போக்கில் அலையும்போது விழிப்பது, இது தலை ஆடியதால் வந்த குப்பை.

அவள் பொருத்தித் தந்தவற்றை வைத்துத் தலைவர் ஒஸ்மோனலியெவ் கட்டுரை எழுதினார். எழுதியவர்கள் வரிசையில் அவருடைய மருமகன் பெயர்கூட இருந்தது. புருலாயின் பெயர் இல்லை. அதைப் படித்து அவள் வாய் கசந்துபோயிருந்த காலையில், ஸ்கேனுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை.

"நீயே படுத்துக்கம்மா. எதையும் யோசிக்காம சும்மா கிட," என்றார் ஒஸ்மோனலியெவ்.

"சரி, அகாய்," என்றாள், ஐயா என்கிற பவ்யத்தோடு.

எந்திரம் தடதடக்க, மனசுக்குள் அவரை எதிரே நிறுத்தித் திட்டத் தொடங்கினாள். அவர் என்ன சமாதானம் சொல்வார் என்று யோசித்து அதற்கும் சேர்த்துக் கொடுத்தாள். மருமகனையும் விட்டுவைக்கவில்லை. தலை மட்டும் இம்மி அசையவில்லை. படம் கெட்டால் நாளைக்கு அவள்தானே உட்கார்ந்து அழவேண்டும்.

மறுநாள் பார்த்தால், அவளுடைய மனம் அலையும் படம், மாதிரிப் படத்தோடு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியிருந்தது. நம்பாமல், யாருடையது என்று சொல்லாமல் பக்கத்து மேசை நூரைதாவிடம் கொடுத்தாள். அவளும் அதே பெயரைத்தான் வைத்தாள்.

அடுத்த மாநாட்டில் ஒஸ்மோனலியெவ் அதைத் திரையில் போட்டார். "மன அமைதின்னா என்னன்னு கேப்பீங்க. இதோ, யார்மேலயும் ஒரு குறையில்லாத மனசு."

கடைசி வரிசையில் புருலாய் ஒரு போர்சோக் பணியாரத்தை முழுசாக வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"படம் யாரோடதுன்னு கட்டுரையில போடலாமே, அகாய்?" என்று பிறகு கேட்டாள்.

"ஸ்கேனுக்குப் படுத்தவங்க பேர வெளிய சொல்லக் கூடாதே. அந்த விதிய எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறதே நீதானம்மா."

ஆக, கட்டுரையின் முதல் பக்கத்தில் அவள் மூளை. அதன் தலைமேல் மருமகன் பெயர்.

புது எந்திரம் வந்ததும் அவர் மறுபடி அவளைத்தான் தேடினார். இந்த முறை அவள் மசியவில்லை. "எழுதினவங்க வரிசையில என் பேரு வந்தா படுக்கிறேன்."

பெயர் வந்தது, மருமகனுக்கு அடுத்து. சொன்னபடி படுத்தாள். திட்டுவதற்கு ஒன்றும் அகப்படாமல் தூங்கிப்போனாள். படம், மாதிரிப் படத்தோடு சுமாராகக்கூடப் பொருந்தவில்லை.

ஒஸ்மோனலியெவ் அதை வெகுநேரம் பார்த்தார். "என்னம்மா, மனசுல ஏதாச்சும் கவலையா?" என்றார்.