பதினேழாம் கல்

தந்தையும் மகளும் கடைசியாகச் சேர்ந்து வேலை செய்த நாள், பதினாறாம் எல்லைக்கல்லின் பாசியைச் சுரண்டுவதில் தொடங்கியது. பூசர் கம்பித் தூரிகையால் தேய்த்தார். ரெகுலா எண்ணுக்குச் சிவப்புச் சாயம் பூசினாள். ஊரார் கல் கல்லாக எல்லையைச் சுற்றி வரும் எல்லை நடைக்கு முன்பு ஆண்டுதோறும் செய்கிற வேலைதான். பூசருக்கு எழுபத்தேழு வயது. ஒன்பது மாடுகள், நாற்பது செர்ரி மரங்கள். ஹாஸ்லிக்கன் ஊரின் எல்லைக்கல் காவலர் ஐவரில் மூத்தவர். ரெகுலா நில அளவைப் பொறியாளர். சாயத்தை அவர் எப்போதும் அவளிடமே விட்டுவிடுவார். ஆறு என்ற எண்ணின் சுழி அவர் கைக்கு ஒழுங்காக வராது.

அடுத்தது பதினெட்டு. பதினேழு இல்லை.

அறுபத்தொன்பது ஆண்டுகளாக இல்லை. அவருக்கு எட்டு வயதானபோது ஒரு மார்ச் மழையில் மண் சரிந்து அந்தக் கல்லை மூடிவிட்டது. அங்கேயே ஓர் ஊற்று. கல் ஊற்றுக்கு மேலே இருந்தால் தண்ணீர் ஹாஸ்லிக்கனுக்கு. கீழே இருந்தால் மேட்டிலுள்ள ஓபர்மாட்டுக்கு. கல் கிடைக்கும்வரை யாரும் குழாய் போடுவதில்லை, கிடைத்தால் கல் சொல்வதே முடிவு என்று இரண்டு ஊரும் கையெழுத்திட்டிருந்தன. அதனால் மழை பொய்த்த இரண்டு கோடைகளாக ஹாஸ்லிக்கன் மாடுகள் லாரியில் வந்த தண்ணீரைக் குடித்தன. ஊற்று யாருக்கும் உதவாமல் ஓடையில் போய்க்கொண்டிருந்தது.

ஊரின் வரலாற்றைக் கேட்டால் பூசர் இந்தச் சண்டையைத்தான் சொல்வார். தேவாலயம் எரிந்தது, பாதி வீடுகளில் பட்டு நாடா நெய்தது, பால் கூடம் மூடியது எல்லாம் அவருக்கு இடையில் நடந்த சில்லறை விஷயங்கள். ஊர்க் கூட்டத்தில் நாற்பது ஆண்டுகளாக அவருக்கு ஒரே பேச்சு: கல் மேலேதான். எல்லை நடையன்று அந்த இடைவெளியில் இரண்டு ஊர்க் கொடிகளும் எதிரெதிரே வந்து நிற்கும். ஓபர்மாட்டின் லீன்ஹார்ட் தோம்மன், பூசரோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர், வருஷம் தவறாமல் ஆரம்பிப்பார்.

"யோவ் பூசர், உன் கல்லு இன்னும் தூங்குதா?"

"தூங்கட்டும்யா. அது எழுந்தா உனக்குத்தான் தூக்கம் போயிடும்."

தோற்கிறவர் ஒரு பாட்டில் செர்ரிச் சாராயத்தோடு ஜெயித்தவர் வாசலுக்கு நடந்தே வர வேண்டும். அது அவர்களுக்குள் பந்தயம்.

அந்தச் சனிக்கிழமை, சாயம் காயும்வரை இருவரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். பூசர் வலது கன்னத்தைத் தடவியபடி, ஏழு வயதில் பதினேழாம் கல்லருகே தனக்கு விழுந்த அறையைப் பற்றிப் பேசினார். எல்லை நடைக்கு வரும் பிள்ளைகளுக்கு அப்போது கல்லுக்கு ஓர் அறை உண்டு. இடம் மறக்கக் கூடாதாம். ரெகுலாவுக்குக் கதை பழசு. இம்முறை ஒரு வரி புதிதாக வந்தது. அழுகையை அடக்க நேரே பார்த்துக்கொண்டு நின்றாராம். தூரத்துத் தேவாலயக் கோபுர உச்சியின் தகரச் சேவல், எதிரிலிருந்த இரட்டைப் பாறையின் பிளவுக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்ததாம்.

ரெகுலா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"கல்லு எங்கன்னுதானே எல்லாரும் கேட்டீங்க. நான் எதைப் பாத்தேன்னு யாரு கேட்டா?"

தேவாலயம் எரிந்தபோதும் கோபுரம் தப்பியிருந்தது; சேவல் இன்றும் அதன் உச்சியில்தான் இருந்தது. பாறையும் அசையவில்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு கோடு. பதினாறிலிருந்து பதினேழுக்கு முந்நூற்று நாற்பது பழைய அடி என்று ஊர்ப் பதிவேட்டில் இருந்தது. கோடும் தூரமும் சந்திக்கும் இடத்தில் கல். அவள் வண்டியிலிருந்து அளவைக் கருவியை இறக்கினாள். பூசர் அரிவாளோடு புதருக்குள் பாய்ந்தார். அவள் இடது என்றால் இடது, வலது என்றால் வலது. கிளைகள் பறந்தன. கடைசியில் புள்ளி ஊற்றுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. பழைய அடிக் கணக்கில் நான்கைந்து மீட்டர் பிழை வரலாம். மேலேயா கீழேயா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

முதலில் மேலே குத்திப் பார்க்கச் சொன்னார். இரும்புக் கம்பியால் பதினொரு இடத்தில் குத்தினார்கள். வெறும் மண். பிறகு கீழே. மூன்றாவது குத்தில் 'ணங்' என்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மண்வெட்டிதான். ஒன்றரை மணி நேரம். எழுபத்தேழு வயதுக்காரர் குழிக்குள் குதித்துக் கையாலேயே மண்ணை அள்ளினார். முதலில் ஹாஸ்லிக்கனின் செர்ரிக் கிளைச் சின்னம் தெரிந்தது, அப்புறம் பதினேழு. ஊற்றுக்கு இரண்டரை மீட்டர் கீழே. கல் சாய்ந்து கிடந்தது.

"சாஞ்சிருக்கேப்பா. மேலேருந்து உருண்டு வந்திருக்கலாம்."

"சாட்சி சொல்லும். நீ திரும்பிக்க."

ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் காவலர்கள் சாட்சியாகச் சுட்ட மண் வில்லைகளைப் புதைத்து வைப்பார்கள். அடுக்கும் விதம் ஐவருக்கு மட்டுமே தெரியும். மனைவிக்கும் பிள்ளைக்கும் சொல்வதில்லை என்று சத்தியம். வில்லைகள் அடுக்குக் கலையாமல் அங்கே இருந்தால் கல் உருளவில்லை, சாய்ந்தது மட்டும்தான்.

"அப்பா, நான் அரசாங்க உரிமம் வாங்கின அளவையாளர்."

"இருக்கட்டும். மரத்தப் பாரு."

அவள் மரத்தைப் பார்த்து நின்றாள். அவர் ஒரு விரலால் கலைத்துவிட்டால் போதும். ஊற்று ஊருக்கு, தண்ணீர் ஒன்பது மாடுகளுக்கு, நாற்பது ஆண்டுப் பேச்சு உண்மை. யாராலும் மறுக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் சுரண்டும் சத்தம் நின்றது. பிறகு சிரிப்பு. கன்று நல்லபடியாக விழுந்தால் சிரிக்கிற சிரிப்பு.

"அப்படியே இருக்கு ரெகி. ஒண்ணுகூட நகரல."

"அப்ப ஊத்து அவங்களோடதா?"

"அவங்களோடதுதான். நாப்பது வருஷம் நான் கத்தினது அத்தனையும் தப்பு." முகமெல்லாம் சேறு. கண்ணில் தண்ணீர். "ஆனா கண்டுபிடிச்சிட்டோம்டி. அந்த அறை வீண்போகல."

குழியைக் கிளைகளால் மூடிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. எந்த ஊர்க் கூட்டத்துக்கும் முன்னால் லீன்ஹார்டுக்குத்தான் சொல்ல வேண்டும், தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். ஓபர்மாட் எடுத்தது போக வழிகிற தண்ணீரைக் கேட்கப் போவதாகவும் சொன்னார்.

"பாட்டிலோட வாசல்ல நிக்கிறவன்கிட்ட எப்படி இல்லன்னு சொல்லுவான்? சொல்லட்டும் பாப்போம்."

வீட்டுக்கு வந்ததும் நிலவறையில் இருந்ததிலேயே பழைய பாட்டிலைத் தேடி எடுத்தார். துடைத்தார். செய்தித்தாளில் சுற்றினார்.

ஞாயிறு காலை பூசர் எட்டு மாடுகளைக் கறந்து முடித்திருந்தார். ஒன்பதாவதன் பக்கத்தில், முக்காலியில், சுவரில் தலை சாய்த்து இருந்தார். இதயம் என்றார் மருத்துவர். ரெகுலா ஒன்பதாவதைக் கறந்து முடித்தாள். அதற்கு மடி கட்டியிருந்தது.

புதன்கிழமை அடக்கம். லீன்ஹார்ட் கறுப்புக் கோட்டில் வந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவன் கல்லு இன்னும் தூங்குதாம்மா?"

அதற்குப் பதில் கல்லறையருகே சொல்வதற்கில்லை, அவர் வாசலில் சொல்ல வேண்டியது.

எல்லை நடைக்கு இன்னும் எட்டு நாள். பாட்டில் கதவோரம் வைத்தபடியே இருக்கிறது. மேலே அப்பாவின் தொப்பி. செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: லீன்ஹார்ட். ஞாயிறு, பத்து மணி. நடந்து.