சாப்பாட்டுச் சத்தத்தை வென்ற எங்கள் அக்கா

எங்கள் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கூடப்பிறந்த தங்கை என்ற முறையில் வணக்கம் கூறி, அவர் வாழ்ந்த கதையை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். அக்கா பொறுமையின் வடிவம் என்று நான் எழுதினால் உங்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவீர்கள். அக்காவுக்குப் பொறுமை குறைவு. அந்தக் குறைந்த பொறுமையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய குடும்பத்தைக் கட்டிக் காத்தார் என்பதுதான் அவருடைய பெருமை.

திண்டிவனத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரே கூடம் உள்ள வீடு என்பதால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அப்பா ரசத்தை உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்தால் அக்காவின் முகம் சிவந்துவிடும். தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார்.

"பெத்தவரு சாப்புடற சத்தம்கூட ஆவலியாடி உனக்கு? அவ்ளோ திமிரா?" என்று அம்மா கத்துவார். அக்கா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிடுவார்.

அப்பா மீது அவருக்கு வெறுப்பு இல்லை. பணிமனைக்குச் சோறு கொண்டுபோனால் என்ஜின் உறுமும் இடத்தில் நின்று அப்பாவிடம் கதை பேசிவிட்டுத்தான் வருவார். கல்லூரிப் பரீட்சைக்குப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து படித்தவர் அவர். அந்த இரைச்சல் அவரை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் ஒருவர் திரும்பத் திரும்ப மூக்கை உறிஞ்சினால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவார். ஏன் அப்படி என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பி.காம். முடித்ததும் கோலியனூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மணம் முடித்துக் கொடுத்தார்கள். மாமா சாது. ஆனால் மாமாவின் அப்பாவுக்குத் தொண்டையைச் செருமும் பழக்கம். மாமாவின் அம்மா சாப்பிட்டு முடித்ததும் பல்லை 'ச்சு ச்சு' என்று உறிஞ்சிக்கொண்டே இருப்பார். மாமாவோ வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இல்லாமல் உட்கார மாட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தார். குழந்தை பிறந்த பிறகு தூக்கமும் கெட்டது. ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா தட்டைத் தள்ளிவிட்டு மாமனாரைப் பார்த்துக் கத்திவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்! செத்துடலாம் போல இருக்குது!"

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க ஊட்ல நாங்க சோறு துன்னக் கூடாதா? நாங்க மூச்சு வுடறதும் உனக்குப் பேஜாரா? உங்க ஊட்டுக்கே போயிடும்மா தாயே."

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திண்டிவனம் வந்துவிட்டார். உறவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பிரித்துவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அக்கா நடுவில் எழுந்து நின்றார். "எனக்கு அவர புடிக்கும். அவரு மெல்லுற சத்தம்தான் ஆவல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மறுவாரம் மாமா வண்டியில் வந்து வாசலிலேயே நின்றார். "நான் வெளிய சாப்ட்டுக்கினு வர்றேன். நீ ஊட்டுக்கு வா" என்றார்.

"காலம் பூரா வெளிய சாப்புடுவீங்களா? இதுக்கு வேற வழி பாக்கணுங்க. பாத்துட்டு நானே வர்றேன்" என்று அனுப்பிவிட்டார் அக்கா.

முதலில் காது டாக்டரிடம் போனோம். காது நன்றாக இருக்கிறது என்று சொன்ன அவரே, விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அம்மா பயந்துவிட்டார். "பைத்தியம்னு சொல்லிடுவாங்கடி."

"சொன்னா சொல்லட்டும்மா. என்னான்னு தெரிஞ்சா போதும்" என்றார் அக்கா. துணைக்கு நான் போனேன்.

மருத்துவரான அம்மையார் அவசரப்படாமல் கேட்டார். "சத்தம் கேட்டா கோவம் வருதா, ஓடிடணும்னு தோணுதா?"

"ரெண்டும்ங்க. அப்புறம் அழுவ வருதுங்க."

"இது திமிர் இல்லம்மா. மெல்லுறது, உறிஞ்சறது மாதிரி சில சத்தம் மட்டும் தாங்க முடியாம போறதுக்கு மிசோஃபோனியான்னு பேரு. உங்கள மாதிரி நெறைய பேரு இருக்காங்க. சத்தத்த நிறுத்த முடியாது. ஆனா நீங்க சமாளிக்கக் கத்துக்கலாம்."

அக்கா அந்தப் பெயரை என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. "நெறைய பேரு இருக்காங்களாம்டி!" என்று நிறுத்தத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

சில மாதம் அந்த மருத்துவரிடம் போய்வந்த பிறகு, யாரும் அழைக்காமல் கோலியனூருக்குக் கிளம்பினார். கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நீங்க சத்தம் போடறது உங்க தப்பு இல்ல. அதக் கேட்டா எனக்கு உடம்பு பதர்றது என் தப்பு இல்ல. கத்துனது மட்டும் என் தப்பு, மன்னிச்சுக்கோங்க. இனிமே சாப்புடறப்ப ஃபேன வேகமா வுடணும், டிவி ஓடணும். எனக்கு முடியலன்னா எழுந்து போவேன். சரியானதும் வந்துடுவேன். யாரும் அத மரியாதக் கொறவா எடுத்துக்கக் கூடாது."

மாமனார் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "நான் செருமறதே எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு அவரே எழுந்து போய் ஃபேன் வேகத்தைக் கூட்டினார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்ப இன்னும் காலம் பிடித்தது.

பூட்டிக் கிடந்த மாமனாரின் மாவு மில்லை அக்கா திறந்தது அதன் பிறகுதான். சத்தம் ஆகாதவர் மாவு மில் நடத்துகிறாரா என்று ஊர் சிரித்தது. "மிஷினு ஒரே மாதிரி ஓடுது. நடுவுல நிறுத்தி மெல்லுறதில்ல" என்று பதில் சொன்னார். காதுக்கு உறை மாட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை நின்று அரைத்தார். கேப்பை மாவும் மிளகாய்த் தூளும் பாக்கெட் போட்டு விழுப்புரம் கடைகளுக்கு அனுப்பினார். வேலைக்கு ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். கடன் இல்லாமல் மகளைப் பொறியியல் படிக்க வைத்ததும், வீட்டுக்கு மாடி எடுத்ததும் அந்த மில்தான். அரைக்க வந்த பெண்களில் சிலர் தயங்கித் தயங்கி, "எனக்கும் இப்டித்தாங்க இருக்குது, வெளிய சொல்ல வெக்கம்" என்றபோது, அவர்களை விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போனதும் அக்காதான்.

மாமியார் மாறியது ஒரு வளைகாப்பில். உறவுக்காரப் பெண் ஒருவர், "உங்க மருமவ பந்தியில பாதியில எழுந்து போறாளே, என்னா ராங்கி!" என்றார். மாமியார் இலையிலிருந்து கையை எடுத்தார். "எங்க மருமவளுக்குக் காது கூரு. திரும்பி வருவா. நீ ஒன் எலயப் பாத்துத் துன்னு" என்றார். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து அதை எனக்குத் தொலைபேசியில் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பரிசு வாங்கிய குழந்தையின் குரல் அது.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோதுதான் பெரிய சோதனை. வாய் கோணி, ஒவ்வொரு கரண்டிக் கஞ்சிக்கும் தொண்டை கரகரத்தது. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா. அக்கா ஒத்துக்கொள்ளாமல் மாமனாரிடமே சொன்னார்.

"நான் ஊட்டறேன். மாமா, முடியலன்னா நடுவுல எழுந்து போவேன். தப்பா நெனைக்காதீங்க."

அப்படியே செய்தார். மில்லில் நடந்ததையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஊட்டுவார். முடியாதபோது கரண்டியை வைத்துவிட்டு மோட்டார் கொட்டகை வரை நடந்துவிட்டு வருவார். வந்து கஞ்சியைச் சூடாக்கி மீண்டும் ஊட்டுவார். ஒரு பொழுதுகூட மாமனார் பசியோடு படுத்ததில்லை. மெல்ல மெல்ல அவருக்குப் பேச்சு திரும்பியது. ஒருநாள் கஞ்சி முடிந்ததும் குழறிக் குழறி, "இன்னிக்கு நீ ஒரு வாட்டிகூட எழுந்திரிக்கலியேம்மா" என்றார். அக்கா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினார். "மாமா முழுசா பேசிட்டாரு! நானும் முழுசா உக்காந்துட்டேன்!" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொன்னார். மாமனார் அதன் பிறகும் பல ஆண்டுகள் நடமாடி இருந்தார்.

பின்னாளில் அக்காவைப் புற்றுநோய் பிடித்தது. புதுச்சேரியில் வைத்தியம் பார்த்தோம். மாமியார் முதிர்ந்த வயதிலும் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பவர்களை, "அத வெளிய போயி துன்னுட்டு ஜல்தியா வாங்க" என்று விரட்டுவார். அக்கா படுத்தபடியே சிரிப்பார். கடைசி நாள் மதியம் மாமாவின் கையைப் பிடித்தபடி அமைதியாக மூச்சை விட்டார்.

அக்காவின் கோளாறுக்குப் பெயர் சொல்லித் தைரியம் கொடுத்த மருத்துவருக்கும், மருமகளை மகளாக்கிக்கொண்ட மாமியாருக்கும், இன்றைக்கும் மில்லை நிறுத்தாமல் நடத்தும் பெண்களுக்கும், மருத்துவமனைக்கு மாறி மாறிச் சோறு கொண்டுவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா வருகிறார் என்று தெரிந்ததும் ஃபேனைப் போட்டுவைத்த வீடுகள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனையோ உண்டு. அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு நன்றி.

இன்றைய பந்தியில் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் யாராவது சாப்பாட்டின் நடுவே முகம் சிவந்து எழுந்து போகலாம். அவரைத் திட்டாதீர்கள். அவர் வருவார். அதுவரைக்கும் அவர் இலையை எடுத்துவிடாதீர்கள்.

அன்புத் தங்கை